முருங்கைக்காய் வாய்வரை வந்து நின்றது: மருந்தும் நோயும் தரும் மறதி பற்றி

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் எப்போதும் காய் வாங்கும் கடை. சனிக்கிழமை காலை, நல்ல கூட்டம். கத்தரிக்காய் ஆச்சு, வெண்டைக்காய் ஆச்சு. அடுத்து சாம்பாருக்கு வேண்டியது. அன்றைக்கு அது முன்வரிசையில் இல்லை, கேட்டால்தான் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள். "தம்பி, அது... அந்த..." என்று நிற்கிறேன். பெயர் வரவில்லை. "நீளமா, பச்சையா, குச்சி மாதிரி, மென்னு துப்புவோமே!" என்றேன். பின்னால் நின்ற அம்மா சிரித்துவிட்டார்.

"முருங்கக்காயாக்கா?" என்றார் கடைக்காரத் தம்பி. அதேதான்.

ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க டோபிராமேட் என்ற மாத்திரையை நான் ஆரம்பித்து அப்போது ஆறு வாரம் இருக்கும். அதே மாதத்தில்தான் அப்பாவும் வித்தியாசமாக நடந்துகொள்ள ஆரம்பித்தார். "நாளைக்கு டாக்டர் எத்தனை மணிக்கும்மா?" என்பார். பத்தரை என்பேன். டீ குடித்து முடிப்பதற்குள் மறுபடி, "நாளைக்கு டாக்டர் எத்தனை மணிக்கு?" "இப்பத்தானேப்பா சொன்னேன்" என்றால், "எப்ப சொன்ன?" என்று நிஜமாகவே ஆச்சரியப்படுவார்.

வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வைத்தார்கள்: மறதி. அப்பாவுக்கு வயது 78, அதனால் அவருக்கு 'வயசாச்சு'. எனக்கு 49, அதனால் எனக்கு 'டென்ஷன்'. இரண்டுமே தவறு. அதைவிட முக்கியம், இரண்டும் ஒரே கோளாறே அல்ல. முருங்கைக்காய் என்று யாராவது சொன்ன நொடியே எனக்குப் பிடிபட்டது. சொல் உள்ளே பத்திரமாக இருந்தது, எடுக்கத்தான் வரவில்லை. அப்பாவுக்கோ 'பத்தரை' உள்ளே போகவே இல்லை. பதியாதது ஒன்று, பதிந்தும் கைக்கு வராதது இன்னொன்று. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் எந்த மருந்தைச் சந்தேகிப்பது, அன்றாடம் எதை மாற்றிக்கொள்வது என்பதெல்லாம் தானாகத் தெளிய ஆரம்பிக்கும். நான் மருத்துவர் இல்லை, கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். இரண்டு பேரின் மறதியை ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு ஓராண்டில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

சாமான் வீட்டுக்கு வந்ததா?

நினைவை நான் சமையலறை அலமாரியாகத்தான் யோசித்துக்கொள்கிறேன். சந்தையிலிருந்து சாமானைக் கையில் தூக்கி வர வேண்டும். வந்ததை டப்பாவில் கொட்டி வைக்க வேண்டும். வேண்டும்போது சரியான டப்பாவைத் திறக்க வேண்டும். மூன்று வேலை.

கையில் தூக்குவதுதான் கவனம். கை இரண்டுதான் இருக்கிறது. தொலைக்காட்சி ஓடுகிறது, பேரன் கத்துகிறான், முழங்கால் வலிக்கிறது, நடுவில் மகள் 'பத்தரை' என்கிறாள் என்றால் அதைத் தூக்க கை எங்கே? வலி, கவலை, தூக்கமின்மை மூன்றும் இங்கேதான் அடிக்கின்றன. மறந்துவிட்டோம் என்று நாம் வருந்தும் விஷயங்களில் பாதி, கையில் எடுக்கப்படாமலேயே போனவை.

டப்பாவில் கொட்டி வைக்கும் வேலையில் பெரும்பங்கு ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கு. மூளைக்குள் காதுகளை ஒட்டிய ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. வடிவத்தைப் பார்த்து, கடற்குதிரைக்கான கிரேக்கச் சொல்லையே பெயராக வைத்துவிட்டார்கள். அது இல்லாமல் போனால் என்னவாகும் என்பது ஓர் அமெரிக்கர் வழியாக உலகத்துக்குத் தெரிந்தது. ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல், 27 வயதில், கடுமையான வலிப்பை நிறுத்துவதற்காக இரண்டு பக்கத்திலும் அந்தப் பகுதியின் கணிசமான பங்கை அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு சந்தித்த யாரையும், நடந்த எதையும் அவரால் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. 2008இல் இறக்கும்வரை அப்படித்தான். சிறுவயது நினைவுகள் இருந்தன, பேச்சும் அறிவும் இருந்தன. புதிய சாமான் மட்டும் டப்பாவுக்குப் போகவில்லை.

இதில் என்னை உலுக்கிய ஒரு விஷயம் உண்டு. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு அதன் கோட்டின் மேல் வரையச் சொன்னார். முதல் நாள் கோணல்மாணல். மூன்றாம் நாள் சுத்தமாக வரைந்தார். ஆனால் இதற்கு முன் இதைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. கைக்குத் தெரிந்தது, மனதுக்குத் தெரியவில்லை! பழக்கம் என்பது வேறோர் அலமாரியில் சேர்கிறது என்று பொருள். மறதியோடு வாழ்வதற்கான வழிகளில் பாதி, அந்த இரண்டாவது அலமாரியைப் பயன்படுத்துவதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

மாத்திரைகள் எங்கே கை வைக்கின்றன

பதியவிடாமல் செய்யும் மருந்துக்கு நம்மில் பலர் அறியாமலேயே ஆளாகியிருப்போம். பெருங்குடலில் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு முன் ஊசியில் மயக்கம் கொடுப்பார்கள், அது பெரும்பாலும் மிடசோலாம். அப்பாவுக்குச் செய்தபோது, அரை மயக்கத்தில் தாதியிடம் துறைமுகக் கதையெல்லாம் பேசியிருக்கிறார், கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். வெளியே வந்து என்னிடம், "எப்போ ஆரம்பிப்பாங்க?" என்றார். அந்தப் பரிசோதனைக்கு அது வசதி. நோயாளிக்கு அந்த அரைமணி நேரம் நினைவில் தங்க வேண்டாம் என்றுதான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அதே குடும்பத்து மாத்திரைகள்தான் டயசெபாம், லோராசெபாம், அல்பிராசோலாம். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுப்பார்கள். தூக்கத்துக்கான சோல்பிடெம், சோபிக்ளோன் வேறு ரகம் என்றாலும் மூளையில் ஏறக்குறைய அதே கதவைத்தான் தட்டுகின்றன. விழுங்கியபின் படுக்காமல் கைப்பேசியில் யாருக்கோ செய்தி அனுப்பிவிட்டு, காலையில் 'இதை நானா அனுப்பினேன்' என்று விழிப்பவர்களின் கதை இதுதான்.

இரண்டாவது கூட்டம் இன்னும் சத்தமில்லாதது. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூளைக்குள் கவனத்துக்கும் பதிவுக்கும் தூது போகிறது. அதே தூதுவன் உடம்பின் மற்ற இடங்களிலும் வேலை பார்க்கிறான்: உமிழ்நீர், குடல் அசைவு, சிறுநீர்ப்பை. சிறுநீர்ப்பையை அடக்க அவனைத் தடுக்கும் மாத்திரை, மூளையிலும் கொஞ்சம் தடுத்துவிடுகிறது. அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் அப்படி. நரம்பு வலிக்கு இரவில் தரும் அமிட்ரிப்டிலின் அப்படி. சளிக்கும் அரிப்புக்கும் தரும் குளோர்ஃபெனிரமைன், பெரும்பாலும் குட்டி மஞ்சள் மாத்திரையாக வருமே, அதுவும் அப்படித்தான். சில இருமல் மருந்திலும் தூக்க மாத்திரையிலும் உள்ள டைஃபென்ஹைட்ரமைனும் இதே ரகம்.

ஒன்று மட்டும் என்றால் இளம் உடம்பு தாங்கும். 75 வயதில் மூன்று சேர்ந்தால் கணக்கு வேறு. பக்க விளைவுகள் தனித்தனியாக வருவதில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. இதைக் கண்டுகொள்ள ஒரு வழி இருக்கிறது: மறதியோடு வாய் உலர்கிறதா, மலச்சிக்கல் கூடியிருக்கிறதா, கண் மங்கலாகத் தெரிகிறதா, சிறுநீர் கழிக்கச் சிரமமா? இவை சேர்ந்து வந்தால் இந்தக் கூட்டத்தைச் சந்தேகிக்கலாம். அப்பா மூன்று மாதமாகத் தண்ணீர் போத்தலைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. வெயில்தான் காரணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். சிங்கப்பூரில் வெயிலைக் காரணம் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. முதுமைக்கால மறதிநோய்க்கு (டிமென்ஷியா) தரும் டோனெபெசில் அசிட்டைல்கோலினைக் கூட்டிக் கொடுக்கும் மருந்து. அதன் பக்கவிளைவாகச் சிலருக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் போகும். அதற்கு ஆக்ஸிபியூட்டினின் எழுதினால் ஒரு கால் பெடலிலும் ஒரு கால் பிரேக்கிலும் இருப்பது போலாகிவிடும். இப்படி நடப்பது உலகம் முழுக்க மருத்துவர்களுக்கே தெரிந்த சிக்கல்தான். முதியவர்களுக்கு எந்த மருந்துகளில் எச்சரிக்கை தேவை என்று அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991இல் ஒரு பட்டியலைக் கொண்டுவந்தார். பியர்ஸ் பட்டியல் என்ற பெயரிலேயே அதை இன்னும் புதுப்பிக்கிறார்கள், 2023இலும் ஒரு பதிப்பு வந்தது. மேலே சொன்னவற்றில் பல அதில் இருக்கின்றன.

இனி என் கதை. டோபிராமேட் வலிப்புக்கான மருந்து, ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் தருகிறார்கள். சிலருக்குச் சொல் தேடவைக்கும், யோசனையை மெதுவாக்கும். அளவு கூடக் கூட இது கூடும். எனக்குத் தலைவலி மாதம் பத்திலிருந்து மூன்றாகக் குறைந்திருந்தது, அதனால் மாத்திரையைத் திட்டவும் மனம் வரவில்லை. டிரமடால், கோடீன் போன்ற வலி மருந்துகளும், நரம்பு வலிக்கான பிரிகாபலினும் வேறு விதம். அவை கையையே தளர்த்திவிடும், கவனம் நிற்காது.

கொழுப்புக்கான ஸ்டேட்டின் மாத்திரை மூளையைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு முறை வருகிறது. நடந்தது இவ்வளவுதான்: அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012இல், அரிதாகச் சிலருக்கு மறதி வரலாம், மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று அதன் குறிப்பில் சேர்த்தது. மாரடைப்பு வந்த ஒருவர் அந்தச் செய்தியைப் பார்த்துத் தானாக நிறுத்துவதுதான் எனக்குப் பயம்.

நிறுத்துவது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே வந்த எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். லோராசெபாம் வகையை வெகுநாள் எடுத்துவிட்டுத் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம். வலிப்பு மருந்துகளும் அப்படித்தான். படிப்படியாக, எழுதிக் கொடுத்தவர் சொல்படி குறைக்க வேண்டும்.

நோய் தரும் மறதி

மறதி என்றதும் எல்லோருக்கும் முதுமைக்கால மறதிநோய்தான் ஞாபகம் வருகிறது. மனநலக் கழகம் 2013 வாக்கில் இங்கு நடத்திய ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு அது இருப்பதாகத் தெரிந்தது. பயம் நியாயமானதே. ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு இல்லை என்பதும் அதே கணக்கு. அதனால் சரிசெய்யக்கூடிய காரணங்களை முதலில் தேடுங்கள்.

தைராய்டு சுரப்பு குறைந்தால் யோசனை மந்தமாகும். உடம்பில் உப்புச்சத்து குறைந்தால், குறிப்பாக நீர் வெளியேற்றும் இரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் முதியவர்களுக்கு, குழப்பம் வரும். குறட்டையோடு மூச்சு விட்டு விட்டு வரும் தூக்கம், மனச்சோர்வு, காது மந்தம் ஆகியவையும் மறதி வேடம் போடும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்களும், கொவிட் வந்துபோன சிலரும் மூளை பஞ்சடைத்தது போல் இருப்பதாகச் சொல்கிறார்கள். அது கற்பனையல்ல, மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட ஒன்று. பக்கவாதமும் தலையடியும் தனிக்கதை.

நம் வீடுகளுக்கு இரண்டைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று, பி12. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் இல்லாத மருந்துப் பையை நம் ஆட்களிடம் பார்ப்பது அரிது. அதை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் பி12 சத்து உடம்பில் சேர்வது குறைகிறது. பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதைப் பற்றி மருத்துவர்களுக்கு நினைவூட்டியது. நெஞ்செரிச்சலுக்கு வெகுநாள் ஒமிப்ரசோல் எடுப்பவர்களுக்கும் இப்படி ஆகலாம். இத்தனைக்கும் மேல் சைவச் சாப்பாடு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். கால் மதமதப்பு, சோர்வு, மறதி மூன்றும் சேர்ந்திருந்தால் ஒரு இரத்தப் பரிசோதனை போதும். இன்னொன்று, சர்க்கரை தாழ்வது. கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டு விரதம் இருந்தால், பிற்பகலில் உளறல், தடுமாற்றம். தைப்பூசத்துக்கும் கந்த சஷ்டிக்கும் முன்பே மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவசரமானது எது? மாதக்கணக்கில் மெல்ல வந்த மறதிக்கு நேரம் குறித்து மருத்துவரைப் பார்க்கலாம். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று பகல் எது இரவு எது என்று தெரியாமல், இல்லாத ஆளோடு பேசினால் அது மறதியே அல்ல. முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்து குறைவு, புதிய மருந்து, அறுவை சிகிச்சை எல்லாமே இதைக் கிளப்பும். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 995, இங்கே ஆம்புலன்ஸை அழைக்கும் எண்.

அப்பாவின் பை

அப்பாவைப் பலதுறை மருந்தகத்துக்கு (அரசு பாலிகிளினிக்) அழைத்துப் போகும் முன் எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டேன். சாப்பாட்டு மேசை, சாமி அறை மாடம், அவருடைய சட்டைப் பை, குளிர்பதனப் பெட்டிக் கதவு. மேசைமேல் கொட்டினால் பதினான்கு வகை. சிறுநீருக்கு ஆக்ஸிபியூட்டினின், ஒரு நிபுணர் எழுதியது. கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், இன்னொரு இடத்தில் தந்தது. மூக்கொழுகலுக்கு வீட்டுப் பக்கத்து மருந்தகத்தில் கொடுத்த குளோர்ஃபெனிரமைன். மூன்று நாளைக்குத் தந்ததை அவர் நான்கு மாதமாக, 'ராத்திரி நல்லா தூக்கம் வருது' என்று நிறுத்தாமல் எடுத்திருக்கிறார், தீர்ந்தால் போய் மறுபடி வாங்கிக்கொண்டு. ஊரிலிருந்து சித்தப்பா அனுப்பிய, பெயர் அழிந்த அட்டை ஒன்று. மெட்ஃபார்மின் பன்னிரண்டு வருடமாக.

எழுதிய ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்குச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். முழுப் பையை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பையை மூன்று மாதம் பார்க்காதவர்களில் நானும் ஒருத்தி.

சிங்பாஸ் என்ற அரசு அடையாளக் கணக்கு வழியாக ஹெல்த்ஹப் என்ற உடல்நலச் செயலிக்குள் போனால் அரசு மருத்துவமனைகளிலும் பலதுறை மருந்தகங்களிலும் கொடுத்த மருந்துகளைப் பார்க்கலாம். ஆனால் தேக்காவில் வாங்கிய தைலமும் ஊர் மாத்திரையும் அங்கே வராது. அதனால் பையே நல்லது. 'இதில் நினைவைப் பாதிப்பது எது, ஒன்றோடொன்று சேரக்கூடாதது எது?' என்று மருந்தாளரிடம் நேராகக் கேளுங்கள். மருத்துவரைப் பார்க்கும் ஐந்து நிமிடத்துக்குள் இதெல்லாம் நடக்காது.

கூடவே ஒரு தாள் வேண்டும்: மறதி எப்போது தொடங்கியது, அதற்கு முன் ஒரு மாதத்துக்குள் எந்த மருந்து புதிதாக வந்தது அல்லது கூடியது, எந்த நேரத்தில் மோசம், என்ன மறக்கிறது என்று இரண்டு உதாரணம். 'மறதியா இருக்கு டாக்டர்' என்பதைவிட, 'சொன்னதை ஐந்து நிமிடத்தில் மறக்கிறார், ஆனால் பழைய பெயர்கள் சரியாகச் சொல்கிறார்' என்பது பத்து மடங்கு உதவும். நினைவுப் பரிசோதனை செய்தால் அவருக்குப் பழக்கமான மொழியில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அப்பாவிடம் முதலில் ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவர் விழித்ததில் பாதி மொழி.

என்ன மாறியது? சளி மாத்திரை அன்றே போனது. ஆக்ஸிபியூட்டினினுக்குப் பதில் அசிட்டைல்கோலினைத் தொடாத மிராபெக்ரான். அமிட்ரிப்டிலின் மெல்லக் குறைந்தது. பி12 தாழ்வாக இருந்ததால் ஊசி. ஐந்தாறு வாரத்தில் 'எத்தனை மணிக்கு' மூன்றிலிருந்து ஒன்றானது. முழுதும் போகவில்லை. 78 வயதும் கொஞ்சம் பங்கு கேட்கிறது.

பதியாதவருக்கு

பதியாதவரிடம் 'ஞாபகம் வெச்சுக்கோங்க' என்று சொல்வது, சாமானே வராத வீட்டில் அலமாரியைத் துழாவச் சொல்வது. மனதுக்கு வெளியே ஓரிடத்தில் வைக்க வேண்டும். மனதில் ஒன்றும் வைக்கத் தேவையில்லாதபடி வீட்டை மாற்றுவதுதான் வேலை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பாவேதான். முப்பது ஆண்டு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். "ஏறுறதுக்கு முன்னாடி பிரேக், வயரு, கொக்கி மூணையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் ஏறணும். மனசுல இருக்குன்னு ஏறுனா யாராவது செத்துருவான்" என்பார். அதையே வாசலுக்குக் கொண்டுவந்தோம். இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கிப் பலகை: சாவி, கைப்பேசி, பயண அட்டை, மூக்குக்கண்ணாடி. வெளியே போகுமுன் நான்கையும் தொட வேண்டும், வாயால் பெயரும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் நான் பக்கத்தில் நின்றேன். பிறகு கை தானாகப் போனது. மொலைசனின் நட்சத்திரம் நினைவிருக்கிறதா? அந்த இரண்டாவது அலமாரி இதுதான். ஆனால் ஒரு நிபந்தனை, பலகையை இடம் மாற்றக்கூடாது. தீபாவளிக்கு வீட்டை மாற்றி அடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் (எங்கள் வீட்டில் அது நான்) கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

மருந்துக்கு ஏழு நாள் பெட்டி. அதன் உண்மையான பயன் மாத்திரையை நினைவூட்டுவதல்ல, 'சாப்பிட்டேனா இல்லையா' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. அறை காலி என்றால் சாப்பிட்டாயிற்று. சந்தேகத்தில் இன்னொரு முறை விழுங்குவதுதான் பெரிய ஆபத்து. கைப்பேசி மணி வைக்கிறீர்கள் என்றால் வெறும் சத்தம் போதாது. மணி அடித்தால் எதற்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்? 'சாப்பாட்டுக்கு அப்புறம் நீலப் பெட்டி' என்று தமிழிலேயே எழுத்து திரையில் வரும்படி வையுங்கள், அல்லது உங்கள் குரலையே பதிந்து வையுங்கள். மணி அடித்ததும் அணைத்துவிட்டு, 'அப்புறம் எடுக்கிறேன்' என்று நகரக்கூடாது. மாத்திரையை வாயில் போட்ட பிறகுதான் மணியை அணைப்பது என்று பழக்கினோம்.

முக்கியமானதைச் சொல்லும்போது தொலைக்காட்சியை நிறுத்துங்கள், முகத்துக்கு நேரே சொல்லுங்கள், ஒரு தடவைக்கு ஒன்று. சொன்னதும் அவர் வாயால் திருப்பிச் சொல்லட்டும். ஒரு நிமிடம் கழித்து ஒரு முறை, மூன்று நிமிடம் கழித்து, பத்து நிமிடம் கழித்து என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே கேட்டால், ஒரேயடியாகப் பத்து தடவை சொன்னதைவிட நன்றாகத் தங்கும். பேரனின் புது வீட்டு புளோக் எண்ணை அப்பா அப்படித்தான் கற்றார்.

ஆனால் பரீட்சை வைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அப்பா முன் நின்று, "மாமா, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்?" என்றார்கள். அவர் ஊகித்துத் தவறான பெயர் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அடுத்த வாரமும் அதே தவறான பெயரைத்தான் சொன்னார். பதிவு பலவீனமாக இருப்பவர்களுக்கு, ஊகித்துத் தவறாகச் சொன்னதே பதிந்துவிடும் என்பதை ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994இலேயே காட்டியிருக்கிறார்கள். தவறு செய்தது நினைவில்லாததால் திருத்திக்கொள்ள வழியில்லை. 'மாமா, நான் உங்க அக்கா பொண்ணு, செங்காங்ல இருக்கேன்' என்று தானே சொல்லிவிட்டு உட்கார்ந்தால் யாருக்கும் ஒன்றும் குறையாது.

அடுப்பைப் பற்றி ஒரு வரி: தானாக அணையும் மின்னடுப்பு வாங்கிவிடுங்கள், வாதம் வேண்டாம். மறதி கூடிக்கொண்டே போகும் நோய் என்று தெரிந்தால், பணம், சிகிச்சை முடிவுகளை யார் எடுப்பது என்பதற்கான எல்பிஏ பத்திரத்தை அவர் தெளிவாக இருக்கும்போதே போட வேண்டும். தெளிவு போனபின் சட்டப்படி போட முடியாது. டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பு குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது. 1990இல் வேறு பெயரில் தொடங்கியது, 2021இல் இந்தப் பெயருக்கு மாறியது.

எடுக்க வராதவருக்கு

என் விஷயத்தில் எழுதி வைப்பது அவ்வளவு உதவாது. முருங்கைக்காய் என்று எழுதிய சீட்டு பையில் இருந்தால் சந்தையில் சரி. அலுவலகக் கூட்டத்தின் நடுவில் 'தேய்மானம்' என்ற சொல் போனால்?

முட்டி மோதக்கூடாது. சொல்லை விரட்ட விரட்ட அதன் பக்கத்து வீட்டுச் சொற்கள்தான் ஓடி வரும். பூசணிக்காய், புடலங்காய், எல்லாம் வரும், அது மட்டும் வராது. சுற்றிப் போங்கள்: எப்படி இருக்கும், எதற்குப் பயன்படும், எங்கே பார்த்தோம். முதல் எழுத்து கிடைத்தால் பாதி வெற்றி. எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் இது ஒரு வரம். பயத்தங்காய் வராத அன்று அதன் மலாய்ப் பெயரான 'கச்சாங் பஞ்சாங்' வந்தது, சீன மூதாட்டியே எடுத்துக் கொடுத்தார். தூய தமிழ் பேச வேண்டும் என்ற ரோஷத்தை மருந்து முடியும்வரை மூட்டை கட்டி வைத்தேன்.

மற்றவர் எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் நேர் எதிர். அவருக்கு ஊகிப்பது கெடுதல், எனக்குக் குறிப்பு கிடைப்பது மருந்து. அலுவலகத்தில் இரண்டு பேரிடம் மட்டும் சொன்னேன்: "ஒரு மாத்திரை எடுக்கிறேன், பேசும்போது சொல் நிற்கும், கணக்கு நிற்காது." அந்த வாக்கியத்தை வீட்டிலேயே ஒத்திகை பார்த்தேன். சொல்லாமல் மறைத்த ஒரு மாதத்தில், நான் கவனமில்லாமல் இருப்பதாக ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. கூட்டத்துக்கு முன் வேண்டிய பத்து சொல்லையும் ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போனால் அவை மேலடுக்கில் இருக்கும். தூக்கம் கெட்ட நாளில் எந்த உத்தியும் பலிக்காது, அன்றைக்குப் பெரிய கூட்டத்தைத் தள்ளி வைப்பேன்.

மருத்துவரிடம் தாளோடு போனபோது, தலைவலி திரும்ப வராத அளவுக்கு மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம் என்றார். இரண்டு வாரத்துக்கு ஒரு படியாகக் குறைத்தோம். இப்போது முருங்கைக்காய் வருகிறது. சில சனிக்கிழமைகளில் கொத்தவரங்காய் வருவதில்லை. கடைக்காரத் தம்பி நான் வாயைத் திறந்து நிற்பதைப் பார்த்ததும், ஒவ்வொரு கூடையாக விரல் வைத்துக் காட்டிக்கொண்டே போகிறார். நான் தலையாட்டும் கூடையில் நிறுத்திவிட்டு, "எத்தனை கிராம்க்கா?" என்கிறார்.